மேக்பெத்தின் முடிவு: அந்த இரத்தக்கறை யாருடையது?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தைப் பற்றித் தேர்வில் கேள்வி வந்தால் பெரும்பாலானோர் எழுதுகிற பதிலும் கிட்டத்தட்ட இதுதான். பேராசை பிடித்த கணவனும் மனைவியும் அரசனைக் கொல்கிறார்கள், குற்றவுணர்வு இருவரையும் அரிக்கிறது, மனைவிக்குச் சித்தம் கலங்குகிறது, கணவன் போரில் மடிகிறான். மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்தால் இந்தப் பதில் பாதிதான் சரி என்பது தெரியும். குற்றவுணர்வு இருவருக்கும் சமமாக வருவதில்லை. கொலைக்கு அஞ்சியவனை அது விட்டுவிடுகிறது, அஞ்சாதவளைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு ஆச்சரியமும் உண்டு. மேக்பெத் என்ற பெயரில் உண்மையாகவே ஒரு அரசன் ஸ்காட்லாந்தை ஆண்டான். அவனுடைய காலத்துக் குறிப்புகளில் குற்றவுணர்வும் இல்லை, பைத்தியமும் இல்லை. அப்படியானால் அந்த மெழுகுவர்த்தியும், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் ராணியும் எங்கிருந்து வந்தார்கள்?

முதலில் கதைச் சுருக்கம். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஸ்காட்லாந்துத் தளபதி மேக்பெத்தும் அவன் நண்பன் பாங்க்வோவும் போர் முடித்துத் திரும்பும்போது மூன்று சூனியக்காரிகளைச் சந்திக்கிறார்கள். மேக்பெத் அரசனாவான் என்றும், பாங்க்வோ அரசனாகாவிட்டாலும் அவன் வம்சம் அரியணை ஏறும் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். மேக்பெத் தயங்குகிறான், மனைவி விரட்டுகிறாள். விருந்தாளியாக வந்து தூங்கும் அரசன் டன்கனை மேக்பெத் குத்திக் கொல்கிறான். பழி காவலர்கள் மேல் போகிறது. பிறகு ஆட்களை ஏவி பாங்க்வோவைக் கொல்கிறான். இங்கிலாந்துக்கு ஓடிப்போன மேக்டஃப் என்ற பிரபுவின் மனைவியையும் குழந்தைகளையும் கொல்கிறான். கடைசியில் டன்கனின் மகன் மால்கம் ஆங்கிலப் படையுடன் வருகிறான். மேக்டஃப் கையில் மேக்பெத் சாகிறான்.

ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சிதான் உலகப் புகழ் பெற்ற தூக்கநடைக் காட்சி. மேடையில் முதலில் வருவது ராணி அல்ல. ஒரு மருத்துவரும், ராணியின் அந்தப்புரப் பணிப்பெண்ணும் இருட்டில் காத்திருக்கிறார்கள். இரண்டு இரவுகள் காத்திருந்தும் மருத்துவர் எதையும் பார்க்கவில்லை. அரசர் போர்க்களம் போன நாளிலிருந்து ராணி தூக்கத்தில் எழுவதாகவும், காகிதம் எடுத்து ஏதோ எழுதி, படித்து, முத்திரை வைத்து, மறுபடி படுக்கைக்குப் போவதாகவும் பணிப்பெண் சொல்கிறாள். தூக்கத்தில் ராணி என்ன பேசினாள் என்று மருத்துவர் கேட்கிறார். அவள் சொல்ல மறுக்கிறாள், தான் சொன்னதை உறுதிப்படுத்த சாட்சி யாரும் இல்லையே என்கிறாள். இந்த இடத்தைப் பலரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் எவ்வளவு பயம் இருந்தால் ஒரு பணிப்பெண் அப்படிப் பேசுவாள் என்று யோசித்துப் பாருங்கள். ராணி கொலைகாரி என்று வாய் தவறிச் சொன்னால் தலை போய்விடும். குற்றம் செய்தவளின் மனநோயைவிட, அதைக் கேட்டுவிட்டவளின் பயம்தான் அந்த அரண்மனை எப்படி இருந்தது என்பதை நமக்கு முதலில் காட்டுகிறது.

பிறகு ராணி வருகிறாள், கையில் மெழுகுவர்த்தியோடு. எப்போதும் பக்கத்தில் விளக்கு எரிய வேண்டும் என்பது அவளுடைய உத்தரவாம். முதல் அங்கத்தில் இதே பெண்தான் அடர்ந்த இருட்டு வந்து எல்லாவற்றையும் மூட வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள். கொலை முடிந்து கை நிறைய இரத்தத்தோடு நின்றபோது கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் போய்விடும் என்று கணவனுக்குத் தைரியம் சொன்னவள். அவள்தான் இப்போது இல்லாத கறையைக் கால் மணி நேரம் கழுவுகிறாள். இரத்த வாடை போகவில்லை என்று புலம்புகிறாள். அந்த வயதான மனிதரின் உடம்பில் இவ்வளவு இரத்தம் இருந்ததா என்று வியக்கிறாள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூக்கத்தில் அவள் பேசுவது டன்கனைப் பற்றி மட்டும் அல்ல. மேக்டஃபின் மனைவி எங்கே என்று கேட்கிறாள். பாங்க்வோ புதைக்கப்பட்டுவிட்டான், கல்லறையிலிருந்து எழுந்து வர மாட்டான் என்று கணவனைத் தேற்றுகிறாள். மூன்று கொலைகளும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. இதில் அவளுக்கு நேரடிப் பங்கு இருப்பது முதல் கொலையில் மட்டும்தான். பாங்க்வோவைக் கொல்லப் போவதை மேக்பெத் அவளிடம் சொல்லவே இல்லை, உனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று மழுப்பிவிட்டான். மேக்டஃபின் குடும்பத்தை அழிக்கும் முடிவை எடுத்தபோது அவள் அருகிலேயே இல்லை. ஆனாலும் மூன்று இரத்தமும் அவள் கையில்தான் ஒட்டியிருக்கிறது. ஒரு கதவைத் திறந்துவிட்டவள் அந்தக் கதவு வழியாக வந்த எல்லாவற்றுக்கும் தானே கணக்கு எழுதிக்கொள்கிறாள்.

இன்னொரு நுட்பம். நாடகத்தின் பெரும்பகுதி செய்யுள். ராணி அதுவரை பேசியதும் செய்யுளில்தான். தூக்கநடைக் காட்சியில் மட்டும் அவள் பேச்சு உரைநடையாகிவிடுகிறது, அதுவும் துண்டு துண்டாக. அந்தக் காலத்து ரசிகர்கள் பெரும்பாலும் காதால் நாடகம் பார்த்தவர்கள். தாளம் அறுந்துபோனதும் அவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும்.

சரி, கணவன் என்ன ஆனான்? கொலை நடந்த இரவில் நடுங்கியவன் அவன்தான். கடலே வந்தாலும் இந்தக் கையைக் கழுவ முடியாது என்று பதறியவனும், இனித் தூக்கமே இல்லை என்று ஒரு குரல் கூவியதாகக் கேட்டவனும் அவன்தான். விருந்தில் பாங்க்வோவின் ஆவியைப் பார்த்து அலறியவனும் அவனே. பாடப்புத்தகக் கணக்குப்படி பார்த்தால் அவனுக்குத்தான் சித்தம் கலங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஐந்தாம் அங்கத்து மேக்பெத் பயத்தின் ருசியையே கிட்டத்தட்ட மறந்துவிட்டதாகச் சொல்கிறான். வயதான காலத்தில் கிடைக்க வேண்டிய மரியாதை, அன்பு, நண்பர் கூட்டம் எதுவும் தனக்கு இல்லையே என்று வருந்துகிறான். வருத்தம் முழுவதும் தன்னைப் பற்றித்தான். டன்கனைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அவனுடைய எதிரிகள் அவனுக்குக் குற்றவுணர்வு இருப்பதாக நம்புகிறார்கள். இரண்டாவது காட்சியில் படை திரட்டி வரும் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் அவனைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அவனுக்குப் பைத்தியம் என்கிறார்கள் சிலர், அவன்மேல் வெறுப்பு குறைந்தவர்கள் அதையே வீரவெறி என்கிறார்களாம். ரகசியக் கொலைகள் தன் கையில் பிசின்போல ஒட்டுவதை அவன் இப்போது உணர்வான் என்கிறான் ஒருவன். கையில் ஒட்டிய கொலை! அதே படிமம்தான். ஆனால் நாம் அதைச் சற்று முன் பார்த்தது மனைவியின் கையில். அடுத்த காட்சியில் மேடைக்கு வரும் மேக்பெத், பயந்து வெளிறிய வேலைக்காரப் பையனைத் திட்டிக்கொண்டும், கவசத்தை மாட்டு என்று அவசரப்படுத்திக்கொண்டும்தான் வருகிறான்.

அந்தக் காட்சியில்தான் அவன் மருத்துவரிடம் மனைவியின் நோயைப் பற்றிக் கேட்கிறான். மனத்தில் வேர்விட்ட துயரத்தைப் பிடுங்கவும், மூளையில் எழுதிய கவலையை அழிக்கவும் உன்னிடம் மருந்து இல்லையா என்று கேட்கும்போது அவன் அவளுக்காகத்தான் கேட்கிறானா என்ற சந்தேகம் வரும். அந்த விஷயத்தில் நோயாளி தனக்குத் தானேதான் மருத்துவம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் மருத்துவர். மூலத்தில் அந்தப் பதில் ஆண்பாலில் இருக்கிறது. அன்றைய ஆங்கிலத்தில் ஆண்பால் பொதுப்பாலாகவும் வழங்கியது என்பது உண்மைதான், இருந்தாலும் மருத்துவர் அரசனைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று வாசிப்பவர்கள் பலர். பதில் கேட்டதும் மேக்பெத்துக்குக் கோபம், மருந்தை நாய்க்குப் போடு என்கிறான்.

மருத்துவரைப் பற்றி இரண்டு வார்த்தை. ராணிக்குத் தேவை வைத்தியர் அல்ல, பாதிரியார் என்று அவர் முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறார். இது கை விரித்துவிடுவதற்காகச் சொன்ன சாக்கு அல்ல. 1586-இல் திமோத்தி பிரைட் என்ற ஆங்கில மருத்துவர் மனச்சோர்வைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். உடலில் கரும்பித்தம் மிகுந்து வரும் சோர்வு வேறு, பாவம் செய்த மனசாட்சி தரும் வேதனை வேறு, முதலாவதை மருந்தால் தீர்க்கலாம், இரண்டாவதைத் தீர்க்க முடியாது என்று அதில் விரிவாகப் பிரித்துக் காட்டினார். நாடக மருத்துவர் செய்வது அந்தக் கால முறைப்படி சரியான நோயறிதல். ராணியின் நோய் எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நினைக்கிறேன், ஆனால் பேசத் துணிவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவருக்கும் தலை முக்கியம்.

ராணி செத்துவிட்டாள் என்ற செய்தி வரும்போது மேக்பெத் அழவில்லை, எப்படி என்று கூடக் கேட்கவில்லை. நாளைகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து போவதைப் பற்றியும், வாழ்க்கை அர்த்தமில்லாத வெறும் சத்தம் என்பதைப் பற்றியும் பேசுகிறான். இலக்கிய உலகமே கொண்டாடும் பேச்சு அது. அழகில் மயங்கிவிடாமல் பார்த்தால், மனைவி செத்த அன்று மனைவியின் பெயரைக்கூடச் சொல்லாத ஒருவனின் பேச்சு. ஒரே ஒரு இடத்தில்தான் பழைய மேக்பெத் எட்டிப் பார்க்கிறான். போர்க்களத்தில் மேக்டஃப் எதிரே வந்து நிற்கும்போது, உன்னை மட்டும் நான் தவிர்த்து வந்தேன், உன் குடும்பத்தின் இரத்தமே என் ஆன்மாவில் அளவுக்கு மேல் ஏறிக் கிடக்கிறது என்கிறான். ஒரு வாக்கியம்தான், பிறகு வாள் பேசுகிறது.

ஆக, குற்றவுணர்வும் பைத்தியமும் மனைவிக்கு. வீழ்ச்சியும் மரத்துப்போன மனமும் கணவனுக்கு. இது நாடகம். இனி வரலாற்றுக்கு வருவோம்.

உண்மையான மேக்பெத் ஸ்காட்லாந்தின் வடக்கே மோரே பகுதியை ஆண்ட குடும்பத்தைச் சேர்ந்தவன். டன்கன் 1034-இல் தன் தாத்தா இரண்டாம் மால்கமுக்குப் பின் அரசனானான். நாடகத்தில் வருவது போல நரைத்த கிழவன் அல்ல, இளைஞன். இங்கிலாந்தின் டர்ஹாம் நகர்மேல் படையெடுத்துப் போய்த் தோற்று வந்தவன். அதன் பிறகு மோரே பக்கம் படையோடு வந்த இடத்தில், எல்கின் அருகே 1040 ஆகஸ்ட் 14 அன்று மேக்பெத் தரப்பின் கையில் இறந்தான். தூங்கும் விருந்தாளியைக் குத்திய கதை எல்லாம் அங்கே கிடையாது. அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் தந்தைக்குப் பின் மூத்த மகன் என்ற விதி இன்னும் வேரூன்றவில்லை. அரச குலத்தின் கிளைகளில் எவன் வலியவனோ அவன் வருவான். முந்தைய நூறு ஆண்டுகளில் அந்த நாட்டு அரசர்கள் பலர் சொந்தக்காரர்கள் கையில்தான் செத்தார்கள். மேக்பெத் செய்தது அன்றைய வழக்கத்துக்குப் புறம்பான எதுவும் இல்லை.

பிறகு அவன் 17 ஆண்டுகள் ஆண்டான். அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் இது நீண்ட ஆட்சி. 1050-இல் ரோமுக்கு யாத்திரை போய், அங்கே ஏழைகளுக்குப் பணத்தை விதை தூவுவது போல வாரி இறைத்தான் என்று அவன் காலத்திலேயே வாழ்ந்த மரியானஸ் என்ற ஐரிஷ் துறவி குறித்து வைத்திருக்கிறார். நாட்டை விட்டு அத்தனை தூரம் போய்வரும் அளவுக்கு அவன் அரியணை உறுதியாக இருந்தது என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் காட்டும் சான்று இது. பாவ மன்னிப்புத் தேடிப் போனான் என்று யாராவது கதை கட்டலாம். ஆனால் இங்கிலாந்தையும் டென்மார்க்கையும் ஆண்ட கனூட் 1027-இல் ரோமுக்குப் போய்வந்தவன்தான். அன்றைய அரசர்களுக்கு அது ஒரு கௌரவம்.

1054-இல் நார்த்தம்ப்ரியாவின் பிரபு சிவார்ட் படையெடுத்து வந்து மேக்பெத்தைத் தோற்கடித்தார். சிவார்ட் தன் மகனை அந்தப் போரில் இழந்தார், ஆனால் மேக்பெத் தப்பிவிட்டான். மூன்று ஆண்டுகள் கழித்து, 1057 ஆகஸ்ட் 15 அன்று, லம்ஃபனன் என்ற இடத்தில் டன்கனின் மகன் மால்கம் அவனைக் கொன்றான். வழக்கமாகச் சொல்லப்படும் தேதிகளைக் கணக்கிட்டால், டன்கன் இறந்து சரியாக 17 ஆண்டும் ஒரு நாளும். அதோடு மால்கமுக்கு அரியணை கிடைத்துவிடவும் இல்லை. மேக்பெத்தின் மனைவியுடைய மகன் லூலாக் அரசனானான், அடுத்த 1058 மார்ச்சில் அவனையும் கொன்ற பிறகுதான் மால்கமின் ஆட்சி. நாடகம் இத்தனையையும் சில நாட்களுக்குள் மடக்கிவிட்டது.

அந்த மனைவியின் பெயர் குரூவாக். நாடகத்தில் அவளுக்குப் பெயரே இல்லை. அரச குலத்தில் பிறந்தவள், அந்த வகையில் மேக்பெத்தின் உரிமைக்கு வலு சேர்த்தவளே அவள்தான். அவளுடைய முதல் கணவன், மோரேயை ஆண்ட கில்லே கோம்கன், 1032-இல் தன் ஆட்கள் ஐம்பது பேரோடு உயிரோடு எரிக்கப்பட்டான். லூலாக் அவனுக்குப் பிறந்த மகன். விதவையான அவளை மேக்பெத் மணந்தான். லாக் லீவன் ஏரித்தீவின் துறவிகளுக்கு இருவரும் சேர்ந்து நிலம் தானம் செய்ததற்கு ஆவணம் இருக்கிறது, அதில் அரசனோடு ராணியின் பெயரும் வருகிறது. அவ்வளவுதான். மெழுகுவர்த்தி இல்லை, தற்கொலை இல்லை. கணவன் எரிந்து செத்ததையும், இரண்டாம் கணவனும் மகனும் சில மாத இடைவெளியில் வெட்டுப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால், குற்றவாளியைவிட இரத்தத்தால் பாதிக்கப்பட்டவளாகத்தான் அவள் தெரிகிறாள்.

அப்படியானால் கொலைகாரத் தம்பதி எப்படி உருவானார்கள்? மேக்பெத்தைக் கொன்றவனின் வம்சம்தான் பிறகு ஸ்காட்லாந்தை ஆண்டது. வென்றவனின் பேரன்களுக்குக் கீழே இருந்து எழுதுகிறவர்கள் தோற்றவனை என்னவாக எழுதுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு நூற்றாண்டிலும் கதை கொஞ்சம் கறுத்தது. 1527-இல் பாரிஸில் அச்சான ஹெக்டர் போயஸின் லத்தீன் வரலாற்றில் அது முழு உருவம் பெற்றது. பாங்க்வோ என்ற ஆளே அந்த நூலில் பிறந்தவர்தான். அதை ஒட்டி ஆங்கிலத்தில் வந்தது ஹோலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பு. அதன் 1587-ஆம் ஆண்டுப் பதிப்பைத்தான் ஷேக்ஸ்பியர் மேசையில் வைத்துக்கொண்டு எழுதினார்.

ஹோலின்ஷெட்டின் மேக்பெத் பத்தாண்டுகள் நல்ல சட்டங்கள் போட்டு நன்றாகவே ஆள்கிறான். அதற்குப் பிறகு, தான் செய்ததை வேறொருவன் தனக்குச் செய்துவிடுவானோ என்று மனசாட்சி உறுத்த, கொடுங்கோலனாகிறான். மனைவியைப் பற்றி அதில் இரண்டொரு வரிதான், ராணியாக வேண்டும் என்ற வெறி பிடித்தவள் என்று. அவள் முடிவைப் பற்றி ஒன்றும் இல்லை.

இதைக்கொண்டு ஒரு சோக நாடகம் தேறாது. எனவே ஷேக்ஸ்பியர் அதே புத்தகத்தில் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். மேக்பெத்துக்கு மூன்று தலைமுறை முன்பு, டஃப் என்ற அரசனை டான்வால்ட் என்பவன் ஃபாரஸ் கோட்டையில் விருந்தாளியாக வைத்துக் கொன்ற கதை அங்கே இருந்தது. மனைவி தூண்டுகிறாள், காவலர்களுக்குக் குடிக்கக் கொடுத்து மயக்குகிறார்கள், மறுநாள் அந்தக் காவலர்களையே வெட்டிவிட்டு டான்வால்ட் அலறி நடிக்கிறான். நாடகத்தின் கொலை முழுக்க இதுதான். இன்னும் சில பக்கங்கள் தள்ளி கென்னத் என்ற அரசனின் கதை. தன் மகனுக்கு அரியணை கிடைக்க வேண்டும் என்று உறவுக்காரப் பையனுக்கு விஷம் வைக்கிறான். வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு இரவு படுக்கையில் ஒரு குரல் அவனைக் கூப்பிட்டு, நீ செய்தது கடவுளுக்குத் தெரியும் என்கிறது. அதன்பின் அன்றிரவு அவனுக்குத் தூக்கம் இல்லை.

இப்போது விஷயம் தெளிவாகும். கொலை டான்வால்டுடையது, தூக்கம் போனது கென்னத்துடையது, பழி மட்டும் மேக்பெத்துடையது. தூக்கநடையோ எந்த வரலாற்று நூலிலும் இல்லாதது, முழுக்க முழுக்க ஷேக்ஸ்பியரின் கற்பனை.

ஏன் இந்த வேலை என்று கேட்டால், 1606-ஆம் ஆண்டு லண்டனைப் பார்க்க வேண்டும். நாடகம் அந்தச் சமயத்தில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 1603-இல் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ், முதலாம் ஜேம்ஸ் என்ற பெயரில் இங்கிலாந்துக்கும் அரசரானார். ஷேக்ஸ்பியரின் குழு அவருடைய பெயரிலேயே இயங்கும் அரசர் குழு ஆனது. ஜேம்ஸின் முன்னோர் பாங்க்வோ என்று அன்று நம்பினார்கள். ஹோலின்ஷெட்டில் டன்கன் கொலைக்கு பாங்க்வோவும் உடந்தை. நாடகத்தில் அவர் நிரபராதி. சம்பளம் கொடுப்பவரின் தாத்தாவை யார் கொலைகாரன் ஆக்குவார்கள்! சூனியத்தைப் பற்றி 1597-இல் தானே ஒரு நூல் எழுதிய அரசர் என்பதால் சூனியக்காரிகளுக்கும் குறைவில்லை.

ஆனால் அது முகஸ்துதி மட்டும் அல்ல. ஜேம்ஸ் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, 1567 பிப்ரவரியில், அவருடைய தந்தை டார்ன்லி கொலை செய்யப்பட்டார். தாய் மேரி 1587-இல் இங்கிலாந்தில் தலை வெட்டப்பட்டார். 1605 நவம்பர் 5 அன்று அவரையும் நாடாளுமன்றத்தையும் சேர்த்தே வெடிவைத்துத் தகர்க்க நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்து இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 1606 ஜனவரியில் சதிகாரர்களை ஊர்நடுவே கொன்றார்கள், மே மாதம் ஹென்றி கார்னெட் என்ற பாதிரியாரையும் தூக்கிலிட்டார்கள். அரசனைக் கொல்வது என்பது அந்த ஆண்டு லண்டன்வாசிகளுக்குப் பழங்கதை அல்ல, தப்பிப் பிழைத்த செய்தி. அரசனைக் கொன்றவன் நிம்மதியாக 17 ஆண்டு ஆண்டு, ரோமுக்குப் போய்க் காசு இறைத்துவிட்டு வந்தான் என்ற உண்மை வரலாற்றை அந்த மேடையில் யாரும் நடித்துக் காட்டியிருக்க முடியாது.

காலம் கேட்டது கொலைகாரன் துடித்துச் சாவதை. ஷேக்ஸ்பியர் அந்தத் துடிப்பைக் கொலைகாரனுக்குக் கொடுக்காமல் அவன் மனைவிக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் காட்சியைப் பார்த்தபின் அவளை வெறுக்க முடியவில்லை. கடைசிக் காட்சியில் வெற்றி பெற்ற மால்கம், செத்துப்போன கசாப்புக்காரன், பேய் போன்ற அவன் ராணி என்று இருவரையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறான். அவள் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள் என்பதும் போகிற போக்கில் அங்கேதான் வருகிறது. மெழுகுவர்த்தியோடு நடந்தவளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாமல் உறுத்தும். மால்கம் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை, நாம் பார்த்துவிட்டோம். பார்த்தவர்கள் மருத்துவரும் பணிப்பெண்ணும் ரசிகர்களும் மட்டும்தான்.

அன்றைய ரசிகர் ஒருவரின் குறிப்பு கிடைத்திருக்கிறது என்பது நம் அதிர்ஷ்டம். சைமன் ஃபோர்மன் என்ற சோதிடரும் வைத்தியருமான ஒருவர் 1611-ஆம் ஆண்டு ஏப்ரலில் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்து எழுதி வைத்தார், அது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. கொலை செய்த இரவில் கணவன் மனைவி இருவர் கையிலும் இருந்த இரத்தம் எவ்வளவு கழுவியும் போகவில்லை என்பது அவர் மனத்தில் தங்கியிருக்கிறது. கதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, கடைசியாக அவர் குறித்துக்கொண்டது, ராணி தூக்கத்தில் எழுந்து நடந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதையும் மருத்துவர் அவள் பேச்சைக் குறித்துக்கொண்டதையும்தான். குளோப் கூரையில்லாத அரங்கு, நாடகம் பட்டப்பகலில் நடக்கும். மத்தியான வெயிலில் ஒரு மெழுகுவர்த்தியைக் காட்டித்தான் அது நள்ளிரவு என்று நம்ப வைத்தார்கள்!

கை கழுவும் அந்தப் படிமம் பின்னால் எங்கெங்கோ போனது. 1957-இல் அகிரா குரோசவா எடுத்த ஜப்பானியப் படத்தில் அசாஜி வெறுங்கையைக் கழுவிக்கொண்டே இருப்பாள். 2003-இல் விஷால் பரத்வாஜ் எடுத்த மக்பூல் படத்தில் தபுவுக்குச் சுவரில் இரத்தம் தெரியும். 2006-இல் உளவியலாளர்கள் இருவர், செய்த தவறை நினைவுகூர்ந்தவர்களுக்குக் கைகழுவும் ஆசை கூடுகிறது என்று ஒரு ஆய்வு வெளியிட்டார்கள், அதற்கு மேக்பெத் விளைவு என்றே பெயர் வந்தது. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு பல இடங்களில் திரும்பக் கிடைக்கவில்லை. ஷேக்ஸ்பியர் எழுதியது நாடகம்தானே, ஆய்வுக்கட்டுரை இல்லையே.

அந்தக் காட்சியை நடித்தவர்களில் பெரும்பெயர் பெற்றவர் சாரா சிடன்ஸ். இருபது வயதில் முதல்முறை இந்தப் பாத்திரத்தை மனப்பாடம் செய்ய உட்கார்ந்த இரவில், கொலைக் காட்சிக்கு வந்ததும் பயந்துபோய், மெழுகுவர்த்தியைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாராம். தன் பட்டுப் பாவாடை உரசிய சத்தமே பேய் துரத்துவது போலிருந்ததாம். உடை மாற்றாமலே படுக்கையில் விழுந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1785 பிப்ரவரி 2 அன்று லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் அவர் லேடி மேக்பெத்தாக வந்தபோது ஒரு சின்ன மாற்றம் செய்தார். அதுவரை நடிகைகள் மெழுகுவர்த்தியைக் கீழே வைக்காமலே அந்தக் காட்சியை நடித்துவந்தார்கள். அவர் அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கழுவினார். அரங்கின் பொறுப்பாளரான ஷெரிடன் வேண்டாம், வழக்கத்தை மாற்றினால் ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று முன்கூட்டியே கெஞ்சிப் பார்த்தார். நாடகம் முடிந்ததும் அவரே வந்து பாராட்டினார்.

1812 ஜூன் 29 அன்று கோவன்ட் கார்டன் அரங்கில் சிடன்ஸ் விடைபெற்றார், அதே பாத்திரத்தில். தூக்கநடைக் காட்சி முடிந்து அவர் உள்ளே போனதும் எழுந்த ஆரவாரம் அடங்கவே இல்லை. அதற்கு மேல் நாடகம் வேண்டாம் என்று ரசிகர்கள் சொல்லிவிட்டார்கள். திரை விழுந்தது. பிர்னம் காடும் மேக்டஃபும் மேக்பெத்தின் தலையும் அன்றைக்கு மேடைக்கு வரவில்லை. சற்று நேரம் கழித்துத் திரை மறுபடி உயர்ந்தபோது, வேடம் கலைத்து வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்த சிடன்ஸ் எழுந்து வந்து விடை சொன்னார்.